முதல் ஈடு இட்லி வேகிற நேரம்

போன மாதம் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, புதிதாகக் கல்யாணமாகி எங்கள் சபைக்கு வந்திருக்கிற ஒரு தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்களும் வேலைக்குத்தான் போறீங்க. வேதம் வாசிக்க, ஜெபம்பண்ண உங்களுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைக்குது? எனக்குக் காலையில தலை சீவவே நேரம் இல்ல." அங்கே நின்று பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரர் பைக்கைக் கிளப்பிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் நேரம் கிடைக்கவில்லை. எப்படியும் நடந்தே தீரும் வேலைகளுக்குள் ஜெபத்தைச் செருகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில். நான் வேலை பார்ப்பது பாரிமுனையில், காகிதம் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கடையின் கணக்குப் பிரிவில். வீட்டுக்காரருக்கு மறைமலை நகர் பக்கம் ஷிப்ட் வேலை. மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாவது, கூடவே அத்தை. இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வருகிறதே, எங்கள் வீட்டில் அப்படிப் பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரே கதவு குளியலறைக் கதவு. அதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பூட்டி வைத்தால் யாராவது தட்டுவார்கள்.

தோற்றுப்போன இரண்டு வழிகள்

முதலில் நான் முயன்றது அதிகாலை. ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார், கர்த்தரே இருட்டோடே எழுந்து ஜெபம்பண்ணினார் என்று மாற்கு 1:35ஐ எடுத்து உருக்கமாகப் பேசினார். மறுநாளே 4 மணிக்கு அலாரம் வைத்தேன். ஒன்பது நாள் எழுந்தேன். பத்தாம் நாள் கடையில் டேலி என்கிற கணக்கு மென்பொருளில் 18,500 என்று போட வேண்டிய தொகையை 81,500 என்று போட்டுவிட்டேன். மாலை வரை இருப்பு ஒத்துவரவில்லை. வித்தியாசம் 63,000. கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய சூத்திரம் தெரியும்: வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தூக்கக் கலக்கம். இரவு பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவிப் படுக்கிறவள் நாலு மணிக்கு எழுந்தால் வேறு என்ன ஆகும்? அதிகாலையில் எழ முடிந்தவர்கள் எழட்டும், நல்லதுதான். ஆனால் அவர்கள் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார்களா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒரு வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கிற அட்டவணை. வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையோடு கொடுத்தார்கள். மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்றேகால் வீதம். ஆதியாகமம் கதை கதையாக ஓடிவிட்டது. யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் கொளுவிகளும் வந்ததும் கொஞ்சம் மெதுவானேன். பிப்ரவரி 10ஆம் தேதி அட்டவணைப்படி நான் எண்ணாகமம் 16ஐ முடித்திருக்க வேண்டும். லேவியராகமம் 13இல், குஷ்டரோகத்தை ஆசாரியன் சோதிக்கிற இடத்தில், உட்கார்ந்திருந்தேன். 30 அதிகாரம் பாக்கி.

என் பிழைப்பே பாக்கியைத் துரத்துவதுதான். எந்தக் கடை எத்தனை நாளாகப் பணம் தரவில்லை என்று பட்டியல் போட்டு, போன் செய்து, கேட்டுக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தால் அங்கேயும் ஒரு பாக்கிப் பட்டியல், கடன்காரி நான். திறக்கவே கூசியது. மார்ச்சில் அட்டவணையை மடித்து வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதே யாத்திராகமத்தில், 16ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவாகிய மன்னாவைப் பற்றிப் படித்ததை மட்டும் அப்போது சரியாகக் கவனிக்காமல் போய்விட்டேன். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கச் சொன்னார் கர்த்தர். விடியுமட்டும் மீதி வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறியது. நேற்று விட்டதை இன்று சேர்த்துச் சாப்பிடு என்று எங்கேயும் இல்லை. இப்போது என் சட்டம் இதுதான்: விட்டது விட்டதுதான், பாக்கி கிடையாது. புதன்கிழமை தவறினால் வியாழக்கிழமை வியாழனுக்குரியதை மட்டும் வாசிப்பேன். இந்த ஒரு சட்டம் இல்லாவிட்டால் கீழே எழுதியிருக்கிற எதுவும் நிற்காது.

ஆச்சியின் விடிலி

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம் ஒரு சின்ன கிராமம். பனங்காட்டுக்குள் எங்கே நின்றாலும் கோயில் கோபுரம் தெரியும். தாத்தா பனையேறி. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 23, 91, 121 ஆகிய மூன்று சங்கீதங்களும் தலைகீழாகத் தெரியும். உபதேசியார் வாயால் சொல்லிக்கொடுத்தது. சீசனில் தாத்தா இறக்கித் தருகிற பதநீரை விடிலியில், அதாவது பனங்காட்டு ஓலைக் குடிசையில், வைத்துக் காய்ச்சுவாள். அது மணிக்கணக்கில் ஆகிற வேலை. பதநீர் கொதித்து, பொங்கி, சுண்டி, பாகாகி, சிரட்டையில் ஊற்றுகிற பதம் வரும்வரை அடுப்பை விட்டு நகர முடியாது. அவ்வளவு நேரமும் ஆச்சியின் உதடு அசைந்துகொண்டே இருக்கும். விறகைத் தள்ளும்போது ஒரு வசனம், துழாவும்போது ஒரு பெயர். பொங்கி வழியப் பார்த்தால் "ஆண்டவரே" என்று ஒரு சத்தம். அது ஜெபமா, பதநீரைப் பார்த்துப் போட்ட சத்தமா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை இரண்டும்தான்.

ஆச்சியிடம் "எத்தனை மணிக்கு ஜெபிப்பீங்க?" என்று கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. அவளுக்குக் கடிகாரம் கிடையாது, அடுப்புதான். அட்டவணை தோற்ற வருடம் ஒருநாள் காலை, இட்லிச் சட்டி முன்னால் சும்மா நின்றுகொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் இது உறைத்தது. நானும் அடுப்பு முன்னால்தானே நிற்கிறேன்?

அடுப்படியில்

எங்கள் சட்டியில் முதல் ஈடு வேகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் அவசரப்படுத்த முடியாது, முன்னால் திறந்தால் மாவு ஒட்டும். சட்னியை முன்னிரவே அரைத்துவிட்டால், அந்த நேரத்தில் கைக்கு வேலை இல்லை. காலையில் என் ஜெபவேளை அதுதான். அலாரம் தேவையில்லை, பசி இருக்கிற வீட்டில் இட்லி தவறாது. இட்லி இல்லாத நாளில் குக்கர் இருக்கிறது, மூன்று விசில்.

அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். கடையில் மிச்சம் விழுகிற 300 ஜிஎஸ்எம் கெட்டி அட்டைத் துண்டு. அதில் கையால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுவேன். உறை முக்கியம். உறை இல்லாமல் ஒட்டிய முதல் அட்டை, தாளித்த எண்ணெய் தெறித்து நாலே நாளில் வாசிக்க முடியாமல் போனது. ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி. 119ஆம் சங்கீதம் இதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. மொத்தம் 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். எபிரெய எழுத்துகள் 22, எழுத்துக்கு ஒரு பகுதி. மூலமொழியில் ஒவ்வொரு பகுதியின் எட்டு வசனங்களும் அந்த எழுத்திலேயே தொடங்கும். நம் ஆத்திசூடி அகரவரிசைபோல, மனப்பாடம் செய்யத் தோதாக. வாரம் ஒரு பகுதி என்றால் ஐந்து மாதத்துக்கு அட்டை கவலை இல்லை.

ஆவி வரத் தொடங்கியதும் அந்த எட்டு வசனத்தையும் வாய்விட்டு வாசிப்பேன். மனதுக்குள் வாசித்தால் மனம் கறிவேப்பிலை வாங்க மறந்ததற்குப் போய்விடும். வாய் அசைந்தால் மனமும் கொஞ்சம் கட்டுப்படும். அப்புறம் நேற்றைய நாளிலிருந்து மூன்று விஷயங்களுக்கு ஸ்தோத்திரம். இதில் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறேன்: "சுகம் பெலன் தந்தீரே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது. நேற்று நடந்ததாக இருக்க வேண்டும். வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது, மகன் கணக்கில் 61 வாங்கியது, அத்தை மாத்திரையை மறக்காமல் போட்டது. சில நாள் மூன்றாவதைத் தேட வேண்டியிருக்கும். அப்படித் தேடும் நாட்களில்தான் அதிக நேரம் ஜெபத்தில் நிற்கிறேன். கடைசியாக, அன்று யாரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும் என்று முன்கூட்டியே தெரியுமோ, அவர்கள் பெயர். அதற்குள் சட்டி ஓரத்தில் தண்ணீர் சொட்டும். திறந்துவிடலாம்.

முழங்கால் போடுவதில்லையா என்று அத்தை ஒருமுறை கேட்டார்கள். நின்றுகொண்டு ஜெபிப்பது அவர்களுக்கு ஜெபமாகத் தோன்றவில்லை. சரி என்று ஞாயிற்றுக்கிழமை காலை முழங்கால் போடுகிறேன். மற்ற ஆறு நாளும் கையில் துணியோடு நின்றபடிதான்.

பீச் வண்டியில்

தினமும் நான் வேலைக்குப் போகிற, சென்னை பீச் வரை ஓடுகிற மின்சார ரயில். இதுதான் என் பெரிய ஆலயம். ஒன்றேகால் மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிக்னலில் நின்றால் கூடும். மகளிர் பெட்டியில் தினம் வருகிற முகங்கள் எல்லாம் தெரிந்தவைதான். எதிர் இருக்கை அம்மா வண்டலூர் தாண்டினதும் முருகன் கவசத்தை எடுப்பார்; நான் என் கையடக்கப் புதிய ஏற்பாட்டை எடுப்பேன். இரண்டு பேரும் முடித்ததும் சுண்டைக்காய் வற்றல் விலை பேசுவோம்.

வாசிப்புக்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தேன், எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு 52 வாரம்; பெருக்கிப் பாருங்கள், 260. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு அதிகாரம் வாசித்தால் வருடத்தில் ஒரு தடவை முடியும். எங்கள் கடைக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு, அன்று நீதிமொழிகள்: 31 அதிகாரங்கள், அன்றைய தேதி என்னவோ அந்த அதிகாரம். 14ஆம் தேதி என்றால் 14. புத்தகக்குறிகூட வேண்டாம், காலண்டர் போதும். பழைய ஏற்பாடு எப்போது என்று கேட்பீர்கள். அது சங்கீதமாகவும், இரவு குடும்ப ஜெபத்தில் கதைப் பகுதிகளாகவும் வருகிறது. லேவியராகமத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னேன், சிரித்தார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்கிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஒன்றை முடித்தோம் என்கிற தெம்பு ஆரம்பத்தில் வேண்டும். நிரூபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு, அவசரப்பட வேண்டாம். பவுலின் வாக்கியங்கள் நீளம். பல்லாவரத்தில் தொடங்கினால் சைதாப்பேட்டையில்தான் முற்றுப்புள்ளி வரும்.

போனில் வாசிக்கலாமா? வாசிக்கலாம், நானும் கூட்ட நாளில் அதில்தான் வாசிக்கிறேன். ஆனால் பிளைட் மோடில் போட்டுவிட்டு வாசியுங்கள். இல்லாவிட்டால் யோவான் சுவிசேஷத்துக்கு நடுவில் குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா ரோஜாப்பூ போட்டு ஒரு வசனம் அனுப்புவார், அதற்கு ஆமென் போடப் போவோம், அங்கிருந்து யாரோ ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோவுக்குப் போய்விடுவோம். வசனப் படத்தைப் பார்வர்டு செய்வதை வாசிப்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது என் கட்சி. சித்தப்பா கோபித்துக்கொள்ளட்டும்.

தாம்பரத்தில் கூட்டம் ஏறும். அதற்குள் அதிகாரத்தை முடித்துவிடுவேன். அதற்குமேல் புத்தகம் பிடிக்க இடம் இருக்காது, மன்றாட்டு தொடங்கும். யாருக்காக ஜெபிப்பது என்கிற பட்டியலை முன்பு தாளில் எழுதி வைத்திருந்தேன், தொலைந்துபோனது. இப்போது ஸ்டேஷன்களே பட்டியல். வரிசை மாறாது, தொலையவும் தொலையாது.

தாம்பரம் சானடோரியம் வந்தால் நோயாளிகள். 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால்தான் அந்த ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர். குரோம்பேட்டையில் எம்ஐடி மாணவர்கள் இறங்குவார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் எல்லாருக்குமாக. திரிசூலத்தில் எதிரே விமான நிலையம். துபாயில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்காரர், வெளிநாடு போன எங்கள் ஊர்ப் பையன்கள். கிண்டியில் வேலை தேடுகிறவர்கள். மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும், பாதிப் பேர் எங்கள் தென்மாவட்டம். கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அவர்கள் கால்களுக்காக ஜெபிப்பேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மாலையில் அதே பெட்டியில் அந்தக் கால்களைப் பார்த்தால் சிரிப்பு வராது. நுங்கம்பாக்கத்தில், 2016இல் அந்த நடைமேடையில் ஒரு பெண்ணுக்கு நடந்ததை எங்கள் பெட்டியில் யாரும் மறக்கவில்லை. அங்கே தனியாகப் பயணம் போகிற பெண்பிள்ளைகள், என் மகளும் சேர்த்து. எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனையும் பிரசவ மருத்துவமனையும். பார்க்கில் பெரியாஸ்பத்திரி. கோட்டையில் அதிகாரத்தில் இருக்கிறவர்கள். அவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி 1 தீமோத்தேயு 2இல் இருக்கிறது, மனம் வராத நாளிலும் ஜெபிக்கத்தான் வேண்டும்.

பரங்கிமலையை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். இயேசுவின் சீடர் தோமா இரத்தசாட்சியாக மரித்த இடம் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிற மலை அது. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தில் விரலை இடாமல் நம்பமாட்டேன் என்றவர் அல்லவா? அதனால் அந்த ஸ்டேஷனில் நான் யாருக்காகவும் கேட்பதில்லை. எனக்கு நம்ப முடியாமல் இருப்பதை மட்டும் அப்படியே சொல்லிவிடுவேன். "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு ஏன் அப்படி ஆனது என்று எனக்கு இன்னும் புரியவில்லை." அவ்வளவுதான், கிண்டி வந்துவிடும். ஜெபத்தில் இதற்கு ஒரு இடம் ஒதுக்காவிட்டால், இந்தச் சந்தேகங்கள் எல்லா ஸ்டேஷனிலும் ஏறிக்கொள்கின்றன என்பது என் அனுபவம்.

உங்களுக்கு ரயில் இல்லையென்றால் பஸ் நிறுத்தங்கள் இருக்கின்றன. பைக்கில் போகிறவர்கள் சிக்னல்களை வைத்துக்கொள்ளலாம், கண்ணை மட்டும் மூட வேண்டாம்.

கடையில், மற்றும் மோசமான நாட்களில்

வேலை நேரத்தில் நீண்ட ஜெபம் நடக்காது, நடக்கவும் கூடாது, சம்பளம் வாங்குகிறோம். அங்கே எனக்கு வாத்தியார், வேதாகமத்தில் ராஜாவின் பானபாத்திரக்காரராக வருகிற நெகேமியா. ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன?" என்கிறார். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அப்புறம் ராஜாவுக்குப் பதில் சொல்கிறார். 2ஆம் அதிகாரம் 4, 5 வசனங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு. பணம் தராமல் இழுக்கிற ஆளுக்கு போன் போட்டு, மணி அடிக்கிற அந்த நேரம் போதும், "ஆண்டவரே, வாய்க்குக் காவல் வையும்" என்று சொல்ல.

தானியேலும் ஆபீஸ் ஆள்தான். 120 தேசாதிபதிகளுக்கு மேல் இருந்த மூன்று பிரதானிகளில் ஒருவர். நமக்கு ஜிஎஸ்டி என்றால் அவருக்கு ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கு. ஜெபித்தால் சிங்கக்கெபி என்று ஆணை வந்த பிறகும் மூன்று வேளையும் "தான் முன் செய்துவந்தபடியே" ஜெபித்தார் என்று இருக்கிறது. நான் பிடித்துக்கொண்டது அந்த "முன் செய்துவந்தபடியே"யைத்தான். ஆபத்து வந்தபிறகு புதிதாகத் தொடங்கவில்லை அவர், பழக்கம் ஏற்கெனவே இருந்தது.

ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி என்கிற ஜிஎஸ்டி வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முந்தின இரண்டு நாளும் நான் மனுஷியே இல்லை. வீடு வந்து சேர ஒன்பதரை ஆகும். அந்த நாட்களுக்கென்று தனியாக ஒரு அளவு வைத்திருக்கிறேன்: பரமண்டல ஜெபம் ஒரு தடவை, மெதுவாக. அன்றைக்கு அது போதும். நீங்களும் உங்கள் மோசமான நாளை முதலில் யோசித்துப் பாருங்கள். அந்த நாளில் எது முடியுமோ அதை அடிப்படையாக வையுங்கள். நல்ல நாளில் கூட்டிக்கொள்ளலாம். நான் நல்ல நாளின் தெம்பில் திட்டம் போட்டுத்தான் நாலு மணி அலாரத்தில் விழுந்தேன்.

இரவில், குடும்பமாக

குடும்ப ஜெபத்தை நாங்கள் படுக்கப்போகும் முன் என்று வைத்திருந்தோம். மகன் சோபாவிலேயே தூங்கிவிடுவான், மகள் நாளைக்கு டெஸ்ட் என்பாள். இப்போது சாப்பாட்டுக்கு முன்னால், தட்டு வைத்த பிறகு. ரசம் ஆறிக்கொண்டிருக்கும்போது யாரும் வளவளக்க மாட்டார்கள். எட்டுப் பத்து வசனம், ஆளுக்கு இரண்டாக வாசிப்போம். பாமாலைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டு, ஒரே சரணம். ஒருவர் மட்டும் ஜெபம்.

அந்த "ஒருவர் மட்டும்" கொஞ்சம் சண்டை போட்டு வந்தது. அத்தை ஜெபிக்க ஆரம்பித்தால் இஸ்ரவேலில் தொடங்கி எதிர்வீட்டு நாய்க்குட்டிவரை போவார்கள், பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளுவார்கள். இப்போது ஆளுக்கொரு நாள். அத்தைக்குச் சனிக்கிழமை, மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. மகனுடைய நாள் செவ்வாய். அவன் ஜெபம் பதினைந்து விநாடி. நான் திருத்துவதில்லை. ஒருமுறை "இயேசப்பா, அப்பாவுக்கு சி ஷிப்ட் வேண்டாம்" என்று மட்டும் ஜெபித்து ஆமென் சொல்லிவிட்டான். சி ஷிப்ட் என்றால் ராத்திரி வேலை. வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஷிப்ட் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பி ஷிப்ட் வாரத்தில் அவர் வீட்டுக்கு வரப் பதினொன்று ஆகிவிடும். முன்பு அந்த வாரம் முழுக்க ஜெபத்தையே தள்ளிப்போட்டோம், அப்படியே அடுத்த வாரமும் போய்விடும். இப்போது அவர் வேலைக்குக் கிளம்பும்முன் மத்தியானம் அத்தையோடு ஜெபித்துவிட்டுப் போகிறார். இரவில் நாங்கள் மீதிப்பேர். எல்லாரும் சேர்ந்தால்தான் குடும்ப ஜெபம் என்று காத்திருந்தால், எங்களுக்கு மாதத்தில் பத்து நாள்தான் தேறும்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து நாட்களில் மட்டும் டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்சம் நீட்டுவோம். எங்கள் ஊர்ப்பக்கம் லெந்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், அலைச்சல் குறையும். ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். புதிதாக ஒன்றைப் பழக நல்ல காலம் அது.

நோட்டு

கடைசியாக ஒரு நோட்டு. 40 பக்க நோட்டு போதும், கணக்கு நோட்டுபோல நடுவில் கோடு போட்டிருப்பேன். இடது பக்கம் தேதி, ஜெபக்குறிப்பு. வலது பக்கம் என்ன நடந்தது, அதற்கும் தேதி. சனிக்கிழமை இரவு ஐந்து நிமிடம் அதோடு உட்காருவேன். நடந்தவற்றைச் சிவப்பு மையில் எழுதுவேன். "மகளுக்கு பயாலஜி குரூப் கிடைக்கணும்" என்பதற்கு எதிரே "கிடைக்கவில்லை. காமர்ஸ். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்" என்று இருக்கிறது. கேட்டபடி நடந்ததை மட்டும் எழுதுவதென்றால் நோட்டு வேண்டாம்.

தம்பியின் குடி நிற்க வேண்டும் என்று 2014 ஜூன் மாதம் எழுதியதற்கு எதிரே இன்றுவரை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் புது நோட்டு வாங்கும்போது அந்த ஒரு வரியை முதல் பக்கத்தில், முதல் வரியாகத் திரும்ப எழுதுகிறேன். கணக்கில் இதை ஆரம்ப இருப்பு என்போம். பாக்கி கிடையாது என்று மேலே பெரிதாகச் சொன்னேன், இது ஒன்றை மட்டும் என்னால் விட முடியவில்லை. பரங்கிமலையில் சில நாள் அவனைப் பற்றித்தான்.

தங்கச்சி, இதையெல்லாம் ஒரே வாரத்தில் தொடங்கிவிடாதே. இட்லிச் சட்டியை மட்டும் எடுத்துக்கொள். ரயில், நோட்டு எல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை 119ஆம் சங்கீதத்தின் முதல் பகுதியை அட்டையில் எழுதிக் கொண்டுவருகிறேன். பிளாஸ்டிக் உறை நீ வாங்கிக்கொள்.